லாரி எறங்க வெட்டுன சரிவு: ஒரு பேரூராட்சி குவாரித் தண்ணி கெட்டுப்போன நிகழ்வு ஆய்வு

மொதல்ல ரெண்டு வார்த்தை

இது செட்டிநாட்டுப் பக்கம் ஒரு பேரூராட்சியில நடந்தது. ஊர் பேரு ஆள் பேரு எதுவும் போடல, போட்டா படிக்கிறவங்க கவனமெல்லாம் யாரு எவருங்கிறதுலயே போயிரும், சம்பந்தப்பட்டவங்க எல்லாரும் இன்னும் அதே தெருவுலதான் நடமாடிட்டு இருக்காங்க. நான் தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல வருஷக்கணக்கா வேலை பாத்துட்டு ரிட்டயராகி ஊரோட வந்து சேந்தவன். இதுல நான் ஒண்ணும் வேடிக்கை பாத்தவன் இல்ல, மொதல் டெஸ்ட்ட பண்ணி "தண்ணி நல்லா இருக்கு"ன்னு எழுதிக் குடுத்தது நான்தான், அதையும் சேத்தே எழுதுறேன்.

குழி வந்த கதை

காரைக்குடி சுத்துவட்டாரத்துல தோண்டுனா செம்மண்ணும் செம்புறாங்கல்லும்தான் வரும், மேக்க திருப்பத்தூர் பக்கம் போகப் போகத்தான் கெட்டிப் பாறை தட்டும். எங்க ஊரு அந்த எல்லையில இருக்கு. ஊருக்கு வெளிய புறம்போக்குல ஒரு கல்குவாரி, 1959-ம் வருஷத்து சிறுகனிம விதிப்படி ஏலத்துல குத்தகைக்கு விட்டது, ஜல்லியும் கடக்கால் போடுற கருங்கல்லும் எடுத்தாங்க. குத்தகை முடிஞ்சு கிரஷர் கழட்டிட்டுப் போனப்ப மிஞ்சுனது அறுபது அடிப் பள்ளம். ரெண்டு மழைக்காலத்துல பாதிக்கு மேல தண்ணி நின்னுருச்சு. தண்ணி நிக்கிற பரப்பு கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். ஊர்ல கல்லுக்குழின்னு சொல்லுவாங்க, ஆபீஸ் பேப்பர்ல பேரூராட்சி குவாரி.

ஊர்த் தண்ணிக்கணக்கு இதுதான். குடிக்கக் காவிரி கூட்டுக் குடிநீர், அது வர்ற நாள்ல வரும். அதுபோக குடிதண்ணி ஊரணி ஒண்ணு. காரைக்குடிக்கு சம்பை ஊத்து மாதிரி எங்களுக்கு ஒரு வரம் கிடையாது, போர் போட்டா பாதி இடத்துல உப்பு, மீதி இடத்துல பாறை. அதனால கோடையில புழக்கத் தண்ணிக்குத் தவிக்கிற ஊருக்கு, பக்கத்துல ஒரு குழி நெறைய தண்ணி சும்மா கெடக்கேன்னு தோணுறது சகஜந்தான். தலைவருக்குத் தோணுச்சு, கவுன்சிலருங்களுக்குத் தோணுச்சு, எனக்கும் தோணுச்சு.

ஒரு கல்லெறி தூரத்துல, அதே பாறைத் தொடர்ல, தனியார் குவாரி ஒண்ணு ஓடிட்டு இருக்கு, அங்க இன்னும் வெடி வைக்கிறாங்க. இது பின்னாடி வேணும், ஞாபகத்துல வச்சுக்கங்க.

அனுமதி குடுத்தது

இங்கதான் மொதல் சிக்கல். அந்தத் தண்ணி யாரோடது? நிலம் வருவாய்த்துறைக் கணக்குல புறம்போக்கு. கல்லு கனிமவளத்துறை. குத்தகை முடிஞ்சதால அவங்க வேலை அங்க முடிஞ்சுது. தண்ணிக்குன்னு பாத்தா, தமிழ்நாட்டு நிலத்தடி நீர்ச் சட்டம் 2003-ல வந்து 2013-ல ரத்தாயிருச்சு, அப்புறம் 2014-ல வந்த அரசாணை 142 தான் கைப்பிடி, அதுல குறுவட்டத்த எல்லாம் எவ்வளவு உறிஞ்சியிருக்காங்கன்னு பாத்து ரகம் பிரிச்சு, வியாபாரத்துக்கு எடுத்தா நீர்வளத்துறை கிட்ட தடையில்லாச் சான்று வாங்கணும்னு இருக்கு. ஆனா எங்க ஆளுங்க சொன்னது, "இது நிலத்தடி நீரே இல்ல சார், மழைத்தண்ணி, வானம் குடுத்தது, இதுக்கு எதுக்கு சான்று?"

பாறைக்குள்ள அறுபது அடி எறங்குன குழியில மழைத்தண்ணி மட்டுமா இருக்கும்? அன்னைக்கு இதக் கேக்க யாருக்கும் நேரமில்ல, சித்திரை வெயில் அப்படி. தீர்மானம் போட்டாங்க: கட்டட வேலைக்கும், செடிக்கும், புழக்கத்துக்கும் பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில எடுத்துக்கலாம், ஒரு நாளைக்கு நாப்பது லோடு, லோடுக்கு இவ்வளவுன்னு பேரூராட்சிக்குக் கட்டணும், குடிக்கக் குடுக்கக் கூடாது. சீட்டு, ரிஜிஸ்டர், கையெழுத்து எல்லாம் உண்டு. எத்தன லோடுங்கிறத ஒண்ணு விடாம எழுதியிருந்தாங்க. அந்தக் குழிக்குத் தண்ணி எந்தப் பக்கமிருந்து எறங்குது, மேட்டுல என்ன இருக்குன்னு ஒரு வரி கிடையாது.

என் பங்கு: செயல் அலுவலர், சின்ன வயசுக்காரர், நல்ல ஆளு, வீட்டுக்கு வந்து "சார், ஒரு டெஸ்ட் மட்டும் பாத்துக் குடுங்க"ன்னாரு. நான் போயி கயித்துல வாளி கட்டி மேல இருந்து மொண்டேன். டி.டி.எஸ்., அதாவது கரைஞ்சிருக்கிற உப்பு, 400-க்குக் கீழ, புளிப்பு காரம் பாக்குற பி.ஹெச். ஏழரை, நைட்ரேட் கொஞ்சூண்டு, கண்ணாடி மாதிரி தெளிவு. எங்க வீட்டுப் போர்த் தண்ணியவிட நல்ல தண்ணி. எழுதிக் குடுத்துட்டேன். மேல் தண்ணி மட்டுந்தான் எடுத்தேன், அதுவும் மழை இல்லாத மாசத்துல, ஒரே ஒரு தடவை.

கோடையில ஓடுன லாரிங்க

குழிக்குப் பழைய குவாரிப் பாதை ஒண்ணு இருந்துச்சு, மழையில அரிச்சுப் போயி. லாரி எறங்கித் தண்ணிக்கிட்டப் போயி மோட்டார் போட்டு உறிஞ்சணும்னா அது சரிப்படாதுன்னு ஜேசிபி வச்சு சரிவா வெட்டுனாங்க. குழியச் சுத்தி மண்ணால கரை போட்டிருந்தாங்க, குத்தகைக்காரர் காலத்துல போட்டது, இடுப்பு உயரம் இருக்கும். சரிவு வெட்டுறப்ப கரையில பதினஞ்சு அடி அகலத்துக்குத் தெறந்து விட்டாங்க. கம்பி வேலியையும் அந்த எடத்துல சுருட்டி வச்சாங்க. வேலிய சுருட்டுனது எனக்கு அப்பவே உறுத்துச்சு, குவாரிக் குட்டையில புள்ளைங்க முங்கிச் சாகுற செய்தி நம்ம பக்கம் வருஷா வருஷம் பேப்பர்ல வருது. கரையைத் தெறந்தது உறுத்தல.

வைகாசி ஆனியில ஒரு பத்து நாள் சேந்தாப்ல நாப்பது லோடு போச்சு. ஆர்வத்துல நான் பாறையில பெயிண்ட்டால கோடு போட்டு எறக்கம் பாத்தேன். கணக்கு சிம்பிள்: நாப்பது லோடுன்னா நாலு லட்சம் லிட்டர், ஒரு ஏக்கர் பரப்புல அது கிட்டத்தட்ட பத்து சென்டிமீட்டர், பத்து நாளைக்கு ஒரு மீட்டர் எறங்கணும், வெயில்ல ஆவியாப் போறது தனி. ஆனா எறங்குனது அறுபது சென்டிமீட்டர்தான். மீதிய யாரு ஊத்துனா? பாறை வெடிப்பு வழியா ஊறி வந்துருக்கு. அதே நேரத்துல கெழக்க இருக்கிற ஒரு விவசாயி வந்து "என் கெணத்துல மோட்டார் ஒரு மணி நேரம் ஓடுனது அரை மணியில காத்து வாங்குதுய்யா"ன்னு சொல்லிட்டுப் போனாரு. மழைத்தண்ணிக் கதை அன்னைக்கே முடிஞ்சுது. செயல் அலுவலர் கிட்ட சொன்னேன், "மழை வந்துரட்டும் சார், ஒழுங்கா சான்றுக்கு எழுதிருவோம்"ன்னாரு. நானும் சரின்னுட்டேன்.

ஆடியில காவிரித் தண்ணி பதினோரு நாள் வரல, ஊரணியும் அடிமண்ணு தெரிஞ்சுது. அப்ப லாரித் தண்ணி தெருவுக்குள்ள வர ஆரம்பிச்சுது. புழக்கத்துக்குத்தான். ஆனா ஒரு கொடத்த எடுத்து வீட்டுக்குள்ள வச்சுட்டா அது புழக்கமா குடிக்கவான்னு கொடத்துக்குத் தெரியுமா.

ஐப்பசி: வாடை

மழை நல்லாப் பேஞ்சுது. மூணாவது மழை விட்ட மறுநாள் காலையில ஒரு ஆச்சி, எழுவது வயசுக்கு மேல, பெரிய வீட்ல தனியா ரெண்டு ஆள வச்சுட்டு இருக்கிறவங்க, ஆளனுப்பிக் கூப்ட்டாக. போனேன். முத்தத்துல ஒரு பித்தளை அண்டா, மேல வெள்ளைத்துணி கட்டி. அந்த ஊட்டுல ஓட்டுத் தண்ணி முத்தத்துல விழுகிறதப் புடிச்சு வைக்கிற வழக்கம் இன்னும் இருக்கு. பக்கத்துல லாரித் தண்ணி புடிச்ச பிளாஸ்டிக் டிரம்.

"மோந்து பாருங்க"ன்னாக.

அழுகுன முட்டை வாடை. தண்ணி நெறம் லேசாப் பச்சையும் கறுப்பும் கலந்தாப்ல.

"காச்சித்தான் குடிக்கிறாக வேலைக்கார புள்ளைக. இவ தங்கச்சி கைக்கொழந்தைக்கு இதுலதான் பால் பவுடர் கரைக்கிறா. காச்சுனா சரியாப் போயிருமா அப்பு?"

எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. கிருமின்னா காச்சுனா சாகும். நைட்ரேட் இருந்தா காச்சக் காச்சத் தண்ணி சுண்டி அது கெட்டியாத்தான் ஆகும். குடிதண்ணிக்கான ஐ.எஸ். 10500-ல நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் எல்லை, வேற வழி இல்லன்னா இவ்வளவு வரைக்கும் பரவால்லைன்னு மத்ததுக்கு இருக்கிற சலுகை இதுக்குக் கிடையாது, காரணமே இந்த மாதிரி பால் பவுடர் கரைச்சுக் குடிக்கிற பச்சக்கொழந்தைங்கதான், ரத்தத்துல ஆக்சிஜன் ஏறாம ஒடம்பு நீலம் பாரிச்சுப் போகும். அந்தப் புள்ளைக்கு வேற தண்ணி குடுக்கச் சொல்லிட்டு நேரா குழிக்குப் போனேன். மீன் செத்து மெதந்துச்சு, நெறையா இல்ல, ஒரு கூடை தேறும்.

ரெண்டு காரணம், ஒரு சண்டை

குழித் தண்ணி வாடை அடிக்க சாக்கடை கலக்கணும்னு அவசியமில்ல. ஆழமான குழியில கோடை பூரா மேல் தண்ணி சூடா லேசா மெதக்கும், அடித்தண்ணி குளுந்து கனமா கீழ கெடக்கும், ரெண்டும் கலக்காது. அடியில ஆக்சிஜன் தீந்து போயி, கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடா மாறி, இரும்பும் கரைஞ்சு, கறுப்பாக் கெடக்கும். மழைக்காலத்துல மேல் தண்ணி குளுந்தா கனம் சமமாகி, ஒரு காத்து அடிச்சா போதும், பொரண்டுரும். அடியில கெடந்த நாத்தம் மேல வரும், மீன் மூச்சுமுட்டிச் சாகும். இயற்கையா நடக்குறது.

ஒரு கவுன்சிலர் இதப் புடிச்சுக்கிட்டாரு. "சாரே சொல்லிட்டாரு, குழி பொரண்டுருச்சு, ரெண்டு நாள்ல செட்டாயிரும், லாரிய நிறுத்த வேணாம்." துப்புரவு மேற்பார்வையாளர் வேற ஆளு. ஹெச்.டூ.எஸ். பாட்டில்னு ஒண்ணு இருக்கு, மலக்கிருமி இருந்தா தண்ணி ஊத்தி ஒரு நாள் ரெண்டு நாள்ல கறுப்பாகும். அத அவரு குழித் தண்ணியில போட்டாரு, ஊத்துன ஒடனே கறுத்துருச்சு. "பாத்தீங்களா, பூரா மலம்!"

ரெண்டு பேரும் அவசரப்பட்டாங்க. அந்தப் பாட்டில்ல கிருமி வளந்து அது சல்ஃபைடு உண்டாக்கி, அது இரும்போட சேந்துதான் கறுப்பாகணும், அதுக்கு நேரம் புடிக்கும். ஊத்துன நிமிஷம் கறுத்தா, தண்ணியிலயே சல்ஃபைடு இருக்குன்னு அர்த்தம், கிருமி இருக்கா இல்லையான்னு அந்தப் பாட்டில் சொல்லவே இல்ல. அதே மாதிரி குழி பொரண்டதுங்கிறதாலயே சாக்கடை கலக்கலன்னும் ஆயிராது, ரெண்டும் ஒண்ணா நடக்கலாம். லேப்ல ஈ.கோலைங்கிற மலக்கிருமியப் பாத்தாத்தான் உண்டு.

இந்தச் சண்டையிலயும் லேப் ரிப்போர்ட்டுக்கு வெயிட் பண்ணதுலயும் நாலு நாள் போச்சு. அந்த நாலு நாளும் லாரி ஓடுச்சு, கொறைச்சு ஓடுச்சுன்னு சொல்லிக்கலாம், ஓடுச்சு.

சாம்பிள் எடுத்தது

இந்தத் தடவ ஒழுங்கா எடுக்கணும்னு அஞ்சு எடம் குறிச்சோம்: குழியோட மேல் தண்ணி, அடித்தண்ணி, சரிவுல தேங்குன மழைத்தண்ணி, பக்கத்துத் தனியார் குவாரியில எறைச்சு விடுற தண்ணி, கெழக்க அந்த விவசாயி கெணறு. அடித்தண்ணி எடுக்கக் கருவி கிடையாது. ஒரு கண்ணாடி பாட்டிலக் கழுவிக் காய வச்சு, அடியில கருங்கல்லக் கட்டி, தக்கை போட்டு, தக்கைக்குத் தனிக் கயிறு, பாட்டிலுக்குத் தனிக் கயிறு. குடிநீர் ஆபரேட்டர் பரிசல் மாதிரி ஒரு டயர் ட்யூப்ல போயி முப்பது அடிக்கு எறக்கிட்டுச் சின்னக் கயித்தச் சுண்டுனாரு. குபுக் குபுக்னு நாலு கொமிழி மேல வந்துச்சு. தூக்குனா உள்ள தேத்தண்ணி நெறத்துல தண்ணி. அவரு மூக்கப் பொத்திக்கிட்டு, "சார், நாம இத்தன மாசம் இதுக்கு மேலயா மோட்டார் போட்டோம்"ன்னாரு. கிருமி பாக்குறதுக்குத் தனியா லேப்ல சுத்தம் பண்ணிக் குடுத்த பாட்டில்ல எடுத்து ஐஸ் பெட்டியில வச்சு அன்னைக்கே அனுப்பிட்டோம்.

ரிப்போர்ட் வந்துச்சு. குழி மேல் தண்ணியில நைட்ரேட் எல்லையத் தாண்டி கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. அடித்தண்ணியில நைட்ரேட் கம்மி, ஆனா அம்மோனியா அதிகம், ஆக்சிஜன் இல்லாத எடத்துல அப்படித்தான் இருக்கும். ஈ.கோலை நூறு மில்லியில ஒண்ணு கூட இருக்கக் கூடாது, மேல் தண்ணியில எண்ண முடியாத அளவு, சரிவுத் தண்ணியில அதவிட மோசம்.

நைட்ரேட்டுக்குப் பக்கத்துக் குவாரியும் காரணமா இருக்கலாம்னு எனக்கு சந்தேகம், ஏன்னா வெடிமருந்துல அம்மோனியம் நைட்ரேட்தான் முக்கியம், வெடிக்காம செதறுனது மழையில கரைஞ்சு வரும். அவங்க எறைக்கிற தண்ணியில நைட்ரேட் இருந்துச்சு, நெசம். ஆனா குளோரைடு கம்மி, ஈ.கோலை இல்ல. நம்ம குழியில சித்திரையில நான் பாத்தப்ப இருந்ததவிட குளோரைடு ரெண்டு மடங்குக்கு மேல ஏறியிருக்கு, கூடவே ஈ.கோலை. மனுஷக் கழிவுல உப்பு இருக்கும், வெடிமருந்துல அது இவ்வளவு வராது. அதனால பெரும்பங்கு கழிவுதான்னு எழுதுனேன், கொஞ்சம் வெடிமருந்துல இருந்தும் வந்துருக்கலாம்னும் சேத்தே எழுதுனேன். அந்தக் குவாரிக்காரர் மேல பழியப் போட்டு முடிச்சுரலாம்னு ரெண்டு பேருக்கு ஆசை இருந்துச்சு, அதுக்கு ரிப்போர்ட் எடம் குடுக்கல.

சரிவு

கழிவு எங்கருந்து வந்துச்சு? அந்தச் சரிவுல தேங்குன தண்ணிதான் எல்லாத்தையும்விட மோசமா இருந்துச்சே, அங்கருந்து மேல ஏறி நடந்தோம், நான், செயல் அலுவலர், ஆபரேட்டர். சரிவு உச்சியில, கரையைத் தெறந்து விட்ட எடத்துக்கு வெளிய, ரோட்டோரம் கருவேல மரத்தடியில மண்ணு கறுப்பாப் படிஞ்சு கெடந்துச்சு, பாறையில எண்ணெய் மாதிரி ஒரு கோடு. பக்கத்துல ரெட்டை டயர் தடம். தண்ணி லாரி அங்க ஒதுங்க வேண்டிய தேவையே இல்ல. கறுப்பு மண்ணக் குச்சியால கிளறுனா தலைமுடியும், கிழிஞ்ச துணியும்.

செப்டிக் டேங்க் லாரி. ராத்திரியில வந்து ஹோஸ் போட்டுத் தெறந்து விட்டுட்டுப் போயிருக்கான். குழியில விடல, அது ஒரு நியாயம் அவனுக்கு, "நான் ரோட்டோரக் காட்டுலதான் விட்டேன்"னு பின்னாடி சொன்னான். கரை இருந்த வரைக்கும் அந்தத் தண்ணி குழிக்குள்ள போக வழியே இல்ல, வடக்க ஓடிப் புதர்ல மறைஞ்சிருக்கும். நாம பதினஞ்சு அடிக்குக் கரையைத் தெறந்து, ஜேசிபி வச்சு வழவழன்னு சரிவும் போட்டு வச்சிருக்கோம். ரோட்டுத் தண்ணி, மரத்தடித் தண்ணி, பக்கத்து மேட்டுல ஆடு அடையிற எடத்துத் தண்ணி, எல்லாம் மழைக்கு அது வழியாத்தான் எறங்கியிருக்கு. அனுமதி குடுத்த லாரி எறங்குறதுக்குன்னு வெட்டுன பாதைதான் தண்ணியக் கெடுத்துச்சு.

செயல் அலுவலர் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. ஆபரேட்டர்தான் சொன்னாரு, "ஊரணிக்கு வரத்துக்கால்ல செருப்பு போட்டு நடந்தா எங்க அப்பத்தா கல்ல எடுத்துரும் சார். இதுக்கு வரத்தப் பத்தி நம்மள்ல ஒருத்தரும் கேக்கவே இல்லையே." எங்க ஊர்க் குடிதண்ணி ஊரணிய நெனச்சுப் பாருங்க, மேட்டு நெலம் எது, கால்வாய் எது, அதுல மாடு எறங்கலாமா, துணி தொவைக்கலாமான்னு எல்லாத்துக்கும் ஒரு கட்டுப்பாடு, காவலுக்கு ஆளு. குழியில லோடு எண்ணத்தான் ஆளு போட்டிருந்தோம்.

எடுத்த முடிவுங்க

மொத வேலையா லாரிய நிறுத்துனது. ஆட்டோவுல மைக் கட்டி, "கல்லுக்குழித் தண்ணிய யாரும் குடிக்க வேணாம், காச்சியும் குடிக்க வேணாம், கைக்கொழந்தைக்கு சுத்தமா வேணாம்"ன்னு சொல்ல வச்சோம். "காச்சியும்"ங்கிற வார்த்தைய நான் வம்படியாப் போடச் சொன்னேன். டேங்க், டிரம் எல்லாத்தையும் கொட்டிக் கழுவச் சொன்னோம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் குடுத்தோம்.

குளோரின் போட்டுச் சரி பண்ணிரலாம்னு ஒரு பேச்சு வந்துச்சு. ஒரு லோடு போட்டுப் பாத்துக் காமிச்சேன். பத்தாயிரம் லிட்டருக்கு லிட்டருக்கு ரெண்டு மில்லிகிராம்னா இருவது கிராம் குளோரின், பிளீச்சிங் பவுடர்ல கால் பங்குதான் குளோரின்னு வச்சா எம்பது கிராம், ஒரு டீ டம்ளர்ல அடங்கிரும். போட்டு அரை மணி நேரம் விட்டு, மிச்சக் குளோரின் இருக்கான்னு காட்டுற ஓ.டி. சொட்டு விட்டா மஞ்ச வரணும். வரல. ரெண்டு பங்கு, அப்பவும் வரல. சல்ஃபைடு குளோரினத் தின்னுட்டு இருக்கு, அதுபோக ஒரு பங்கு அம்மோனியாவுக்கு எட்டு பத்து பங்கு குளோரின் போனாத்தான் எதோடயும் சேராத குளோரின் மிச்சம் நிக்கும். நைட்ரேட்டுக்கு அதுவும் கேக்காது. அந்தப் பேச்சு அதோட நின்னுச்சு. போதாக்கொறைக்கு எங்க குடோன்ல இருந்த பிளீச்சிங் பவுடர் மூட்டை வாய் தெறந்து மழை ஈரத்துல கெட்டி தட்டிக் கெடந்துச்சு, அதுல கால் பங்கு எங்க இருக்கப் போகுது.

குழிய எறைச்சு காலி பண்ணிரலாம்னு இன்னொரு யோசனை. எங்க எறைப்பீங்க? கீழ கண்மாய், அதுல மீன் குத்தகை, அதுக்குக் கீழ வயல். அடித்தண்ணிய அங்க விட்டா அவங்க மீனும் சாகும், கேஸும் நம்ம மேல வரும். வேணாம்னு விட்டோம்.

செஞ்சது இதுதான். சரிவ மூடுனோம், கரைய பழைய உயரத்தவிட ஒரு அடி கூட்டி எழுப்புனோம், மேட்டுப்பக்கம் சுத்துவாய்க்கால் வெட்டி ரோட்டுத் தண்ணிய வடக்க திருப்பினோம். கறுப்பு மண்ண வாரிச் சுண்ணாம்பு போட்டு அப்புறப்படுத்தினோம். லாரி இனிமே கீழ எறங்காது, மெதக்குற டிரம்ல மோட்டார் கட்டி தண்ணி மட்டத்துக்கு ஆறடி கீழ இருந்து உறிஞ்சி, கரைக்கு வெளிய ஒரு குழாய்ல தர்றது. வேலி திரும்ப வந்துச்சு.

அனுமதிக் காகிதத்த மாத்தி எழுதுனது தனிக் கதை. இந்தத் தடவ நிலத்தடி நீர்தான்னு ஒத்துக்கிட்டு, பெயிண்ட் கோட்டு அளவையும் கெணத்து அளவையும் சேத்து சான்றுக்கு எழுதுனாரு செயல் அலுவலர். நிபந்தனையில லோடு எண்ணிக்கை மட்டுமில்லாம, பாறையில போட்ட சிவப்புக் கோட்டுக்குக் கீழ தண்ணி போனா நிறுத்தணும், கெணத்து மட்டம் மாசாமாசம் எழுதணும், லாரி டேங்க்ல "குடிக்க அல்ல"ன்னு பெரிசா எழுதணும், அந்த லாரி வேற எதுக்கும் ஓடக் கூடாது, பெரிய மழைக்கு அப்புறம் டெஸ்ட் வர்ற வரைக்கும் தெருவுக்குள்ள சப்ளை கிடையாதுன்னு சேத்தோம்.

செப்டிக் லாரிக்காரன் விஷயத்துல கருத்து வேறுபாடு. 2022-ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் செப்டிக் லாரிக்கு உள்ளாட்சி லைசென்ஸ் கட்டாயம், கண்ட எடத்துல கொட்டுனா அபராதம். அவன் கிட்ட லைசென்ஸ் இல்ல. கேஸ் போட்டு உள்ள தள்ளணும்னு பாதிப்பேர். அவன் சொன்னது, "அண்ணே, சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய் வர டீசலே வர்ற காசுல பாதி. ஒங்க ஊர்லயே பெரிய வீட்டுக்காரகளே ராத்திரியில வந்து காதும் காதும் வச்சாப்ல எடுத்துட்டுப் போன்னுதான் கூப்டுறாக. எங்க கொட்டுறேன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல." அபராதம் போட்டோம், லைசென்ஸ் எடுக்க வச்சோம், ரேட்ட டீசலோட சேத்துப் பேசி முடிச்சோம், கொட்டுன எடத்து ரசீது காமிச்சாத்தான் அடுத்த வேலை. எனக்கு இது சரின்னு பட்டுச்சு. ஆச்சிக்கு அவ்வளவு திருப்தி இல்ல.

அப்புறம் நடந்தது

சுகாதார நிலையத்துல அந்த ரெண்டு வாரத்துல வயித்துப்போக்குன்னு வந்தவங்க வழக்கத்தவிட அதிகம். குழித் தண்ணியாலதான்னு சொல்ல முடியாது, மழைக்காலம், ஊரணியும் கலங்கியிருந்துச்சு. அந்தக் கைக்கொழந்தைக்கு ஒண்ணும் ஆகல, டாக்டரும் பாத்தாரு.

தையில பாதயாத்திரைக்காரங்க குன்றக்குடி போயி அங்கருந்து பழனிக்கு நடக்குற காலம். எங்க ஊர்ப் பந்தல்ல கூட்டத்துக்குக் கை கால் அலம்பவாவது குழித் தண்ணி குடுங்கன்னு கேட்டாங்க. அப்ப ஈ.கோலை இன்னும் இருந்துச்சு. பந்தல்ல கை அலம்புற தண்ணியிலயே ஒருத்தர் வாய் கொப்பளிப்பாரு, இன்னொருத்தர் பாட்டில்ல புடிப்பாரு. குடுக்கல, காவிரித் தண்ணி லாரி ரெண்டு தனியா ஏற்பாடு பண்ணாங்க, தலைவர் கைக்காசு கொஞ்சம் போட்டாரு. ரோட்டுக்குத் தெளிக்க மட்டும் குழித் தண்ணி போச்சு.

பங்குனிக்குள்ள நைட்ரேட் 45-க்குக் கீழ எறங்குச்சு, குளோரைடு மெதுவாத்தான் எறங்குது, உப்பு எங்கயும் போகாதில்ல, புதுத் தண்ணி வந்து கலந்தாத்தான். ஈ.கோலை ரெண்டு தடவ இல்ல, ஒரு தடவ இருந்துச்சு. சான்று நாப்பதுக்கு வரல, பதினெட்டு லோடுக்குத்தான் வந்துச்சு. லாரி ஓனர் ஒருத்தருக்கு இதுல நல்ல நஷ்டம், "நான் சீட்டு போட்டு காசு கட்டி ஓட்டுனவன், கரையத் தெறந்தது நீங்க"ன்னாரு. அவர் சொன்னது உண்மைதான், பதில் சொல்ல யாருகிட்டயும் ஒண்ணும் இல்ல.

மறுபடி செஞ்சா எத மாத்துவேன்

சித்திரையில வாளிய விட்டுட்டுப் பாட்டில எடுத்துட்டுப் போயிருப்பேன், அடித்தண்ணியப் பாத்திருந்தா அன்னைக்கே குழி ரெண்டு அடுக்கா நிக்குதுன்னு தெரிஞ்சிருக்கும். டெஸ்ட் ஒண்ணு கோடையில, ஒண்ணு மொத மழைக்கு அப்புறம், ரெண்டும் வந்த பின்னாடிதான் அனுமதிக் கையெழுத்து. டி.டி.எஸ். மீட்டரப் பாத்து நல்ல தண்ணின்னு சொல்ற பழக்கம் எனக்கே இருந்துச்சு, அந்த மீட்டருக்கு உப்பு தெரியும், கிருமி தெரியாது.

அதுக்கும் முன்னாடி, ஒரு மழை நாள்ல கொடையப் புடிச்சுக்கிட்டு குழியச் சுத்தி நடந்திருப்பேன். எந்தத் தண்ணி எங்க ஓடுதுன்னு அரை மணி நேரத்துல கண்ணால பாத்திருக்கலாம். ஜேசிபி கரையைத் தெறந்தப்ப நான் அங்கதான் நின்னுட்டு இருந்தேன், வேலியப் பத்தி மட்டும் பேசிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

அந்த நாலு நாள் தாமதம் எனக்கு இன்னும் மனசுல நிக்குது. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் சொல்லக் கூடாது, பீதி ஆயிரும்னு பேசிட்டு இருந்தோம். மீன் செத்து மெதக்குற தண்ணிக்கு ரிப்போர்ட் எதுக்கு, அன்னைக்கு சாயங்காலமே மைக் கட்டியிருக்கணும்.

போன வாரம் மட்டம் பாக்கப் போயிருந்தேன். சிவப்புக் கோட்டுக்கு மேல ஒரு சாண் தண்ணி நிக்குது. மூடுன சரிவு உச்சியில குறுக்க போட்ட ரெண்டு பாறாங்கல்லுல ஒண்ண யாரோ கடப்பாறை வச்சு ஓரமா நகட்டியிருக்காங்க, பைக் போற அளவுக்கு. தூண்டில் போட வர்ற பசங்களா இருக்கும்னாரு ஆபரேட்டர். ஜேசிபிக்குச் சொல்லியிருக்கு, வர்ற திங்கக்கெழம வரும்.